ஒருங்கிணைக்கப்பட்ட தாழ்ப்பாள்

எங்கள் சங்கத்தில் எல்லாமே எல்லாவற்றோடும் இணைக்கப்பட்டிருந்தது. பெண்கள் கழிப்பறைக் கதவு மட்டும் அதன் நிலையோடு சேரவில்லை.

சங்கம் என்றால், கரிசல் வட்டார மென்பொருள் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற ரோட்டில், ஒரு காலத்தில் பருத்தி மூடை அடைந்து கிடந்த கிட்டங்கியில் இருந்தது. பால் உற்பத்தியாளருக்குச் சங்கம் இருக்கும்போது மென்பொருள் உற்பத்தியாளருக்கு ஏன் கூடாது என்று மேலே யாரோ நினைத்திருக்கிறார்கள். கிட்டங்கிக்குச் சொந்தக்காரரான சோலைச்சாமி அண்ணாச்சிதான் தலைவர். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை அவர் மறைத்ததும் இல்லை. சங்கத்தில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான்.

வேலை சென்னையிலிருந்து வந்தது. சென்னைக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி நாய்களுக்குச் சாப்பாடு விற்கிறது. எந்தக் கடையில் எந்த நாய்ச் சாப்பாடு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற மென்பொருளின் ஒரு துண்டை எங்கள் பையன்கள் எழுதினார்கள். எங்கள் ஊரில் ஆட்டுக்கிடைக்குக் காவலிருக்கிற நாய்கள் கம்மங்கூழ் குடிக்கும். அவை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். ஏன் நின்றாள் என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "அவளுக்குப் படிப்பு ஏறலை" என்றுதான் சொன்னாள். படிப்பு ஏறத்தான் செய்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வேலிக்கருவைக் காட்டைக் கரிமூட்டம் போடுவதற்காக வெட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அங்கே அடிவானம் வரைக்கும் கரிசல் மண்ணைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்தால் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து தெரியும். இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் எனக்குப் படிப்பு ஏறவில்லை.

பிறகு கோவில்பட்டிக்குப் போய்த் தட்டச்சுப் படித்தேன். கை ஓடும். வாய் ஓடாது. இந்தக் குணத்துக்காகத்தான் மேலாளர் செல்வகணேஷ் சார் எனக்கு வேலை கொடுத்தார். பையன்கள் மென்பொருளில் கண்டுபிடித்துத் தாளில் கிறுக்கிக் கொடுக்கிற பிழைகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

செல்வகணேஷ் சாருக்குச் சொந்த ஊர் கடம்பூர். சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பிழைகளுக்கு ஒரு மென்பொருள், கோப்பை யார் திருத்தியது என்று காட்ட ஒரு மென்பொருள், அரட்டைக்கு ஒன்று, நாள்காட்டிக்கு ஒன்று, மின்னஞ்சல் தனி. எல்லாம் ஒரே கிட்டங்கியில் இருந்துகொண்டு, சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் மாதிரி, ஒன்றோடொன்று பேசாமல் கிடந்தன. அவற்றைச் சேர்த்துவைக்க வேண்டும் என்று சார் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பூராவும் பாடுபட்டார். சேர்ந்த அன்றைக்கு எல்லோருக்கும் கடம்பூர்ப் போளி கொடுத்துவிட்டுப் பேசினார்.

"இதுவரைக்கும் இங்க என்ன நடந்தது? பாண்டிராஜுக்கு ஒரு சந்தேகம்னா எந்திரிச்சுப் போய் பக்கத்து சீட்டுல கேட்டான். அவன் பதில் சொன்னான். பிரச்சினை தீர்ந்துபோச்சு. ஆனா தீர்ந்தது எனக்குத் தெரியுமா? சென்னைக்குத் தெரியுமா? நாய்க் கம்பெனிக்குத் தெரியுமா? தெரியாமத் தீர்ந்தா அது தீர்வா? இனிமே யாரும் யார்கிட்டயும் வாயால பேச வேண்டாம். அதுக்குப் பேர்தான் கூட்டு உழைப்பு. எதுவா இருந்தாலும் பிழை மென்பொருள்ல எழுதி டிக்கெட் போடுங்க. டிக்கெட் இருந்தா பிரச்சினை இருக்கு. டிக்கெட் இல்லைன்னா பிரச்சினை இல்லை."

"டிக்கெட்டு எடுத்தா எறங்குத எடத்துல கொண்டு விட்டுருவாவளாவே?" என்று சோலைச்சாமி அண்ணாச்சி கேட்டார்.

"எல்லாத்தையும் இணைச்சிருக்கு அண்ணாச்சி. ஒரு எடத்துல எழுதினா எல்லா எடத்துலயும் தெரியும்."

"எங்க வீட்டுலயும் அப்பிடித்தான்வே" என்று அண்ணாச்சி இன்னொரு போளியை எடுத்துக்கொண்டார்.

இப்போது கதவுக்கு வருகிறேன். கிட்டங்கியின் பின்கட்டில் பெண்கள் கழிப்பறை இருந்தது. தாழ்ப்பாள் எப்போதோ கழன்று விழுந்து, இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். எனக்கு, கூட வேலை பார்க்கிற சந்தனமாரி நிற்பாள்; அவளுக்கு நான் நிற்பேன். அவள் நின்றால் கவலை இல்லை. யாராவது ஆண்கள் அந்தப் பக்கம் வந்தால், "அண்ணே, அங்கனயே நில்லுங்க, பாம்பு கெடக்கு" என்பாள். பின்கட்டில் பாம்புப் புற்று இருக்கிறது என்று பாதிச் சங்கம் நம்பிக்கொண்டிருந்தது.

நாய்க் கம்பெனி விழித்திருக்கிற நேரத்துக்குத் தக்கபடி சந்தனமாரியைச் சாயங்கால வேலைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் மிச்சம் இருந்தது வயதில் மூத்த வள்ளித்தாயக்காதான்; அவளைக் கதவில் நிற்கச் சொல்ல எனக்குக் கூச்சம். தண்ணீர் குடிக்காமல் வந்து பார்த்தேன். அடிவயிறு வலித்தது. செல்வகணேஷ் சாரிடம் நேரில் போய்ச் சொல்ல நினைத்தேன். அவர் மேஜை வரைக்கும் போய், "சார், பேப்பர் தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். பேப்பர் தீரவில்லை.

அப்புறம்தான் டிக்கெட் நினைவு வந்தது. வாயால் சொல்ல வேண்டாம், தட்டினால் போதும் என்பது எனக்காகவே செய்த ஏற்பாடு மாதிரி இருந்தது. யாரும் இல்லாதபோது தட்டினேன்: பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தயவுசெய்து போட்டுத் தரவும்.

அது சாருக்கு மட்டும் போகும் என்று நினைத்தேன். ஒருங்கிணைப்பு என்றால் என்ன என்று எனக்குப் புரியவில்லை.

கிட்டங்கி முழுக்க மணி அடித்தது. எல்லாக் கணினியிலும் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. சுவரில் திட்டப் பலகை என்று எங்கள் வேலைப் பட்டியல் ப்ரொஜெக்டரிலிருந்து எப்போதும் ஒளியாக விழுந்துகொண்டிருக்கும்; அதில் மேலே, கொட்டை எழுத்தில், கழிப்பறை, தாழ்ப்பாள், முத்துச்செல்வி என்று மூன்றும் ஒரே வரியில் நின்றன. நான் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சார் முகம் மலர்ந்திருந்தது. "எல்லாரும் முத்துச்செல்வியைப் பார்த்துக் கத்துக்கணும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆனா டிக்கெட் முழுமையா இல்லை. எந்தப் பதிப்புல இந்தப் பிழை வந்தது? எப்ப முதல்ல கவனிச்சீங்க? பிழையை மறுபடி உண்டாக்கிப் பார்க்க என்னென்ன படிகள்? அதை வரிசையா எழுதணும். உள்ள போனதிலேருந்து."

நான் தரையைப் பார்த்தேன்.

"வெட்கப்படாதீங்க. டிக்கெட்டுக்கு ஆண், பெண் கிடையாது."

நான் எழுதவில்லை என்பதால், பிழை உண்மையா என்று சோதிக்கிற பொறுப்பு பாண்டிராஜுக்குப் போனது. சோதிப்பதுதான் அவன் உத்தியோகம். என் ஊர்க்காரன்தான். பெண்கள் கழிப்பறைக்குள் போனான், கதவைச் சாத்தினான், கொஞ்ச நேரம் இருந்தான், வந்தான். அவன் அறிக்கை எல்லா இடத்திலும் வந்தது: "பிழையை உண்டாக்க முடியவில்லை. நான் உள்ளே இருந்தபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. எனக்கு அசௌகரியம் எதுவும் ஏற்படவில்லை."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவனுக்கு ஏற்படாதுதான்.

அன்றைக்கே நாய்க் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். அவர்களும் இணைக்கப்பட்டிருந்தார்கள். இந்தத் தாழ்ப்பாளால் தங்களுக்கு மென்பொருள் தருவது தாமதமாகுமா என்று கேட்டிருந்தார்கள். சார் உடனே பதில் போட்டார். தாமதமாகாது, மாற்று வழி இருக்கிறது.

மாற்று வழி என்ற கட்டத்தில், "சந்தனமாரி" என்று நிரப்பியிருந்தார்.

மாற்று வழி உள்ள பிழைக்கு அவசரம் குறைவு என்பது விதி. அதனால் என் டிக்கெட் பலகையின் அடிவரிக்கு இறங்கியது. சந்தனமாரியைக் காலைக்குத் திரும்பக் கொண்டுவந்து நாள்காட்டியில் சேர்த்தார்கள். கூட்ட அறை, ப்ரொஜெக்டர், சந்தனமாரி. வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

"ஏட்டி, என்னைய நாளைக்கு மூணு மணிக்குப் போட்டிருக்க. இப்பமே வந்திருச்சுன்னா என்ன செய்யுத?" என்றாள் சந்தனமாரி.

"இப்ப வரலை."

"வரலைன்னா ரத்து பண்ணு. இல்லைன்னா என் பேரு நாளைக்கு மூணு மணி வரைக்கும் பிஸின்னு காட்டுது. வள்ளித்தாயக்கா பாவம், நெளிஞ்சுக்கிட்டு நிக்காவ."

ரத்து பண்ணினேன். ரத்துக்குக் காரணம் கேட்டது.

ஒருநாள் வீட்டுக்குப் போனதும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அம்மா பெயர் வெள்ளைத்தாய். கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்குக் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"நீ ஆபீசுல கக்கூசுக்குப் போறது வெளிநாட்டுக்காரன் வரைக்கும் தெரியுமாமே?"

"யாரு சொன்னா?"

"பாண்டிராஜு அம்மா. குழாயடில வச்சு. அம்புட்டுப் பொம்பளையளும் கொடத்த வச்சுட்டுக் கேக்காவ. எனக்கு மூஞ்சிய எங்கன கொண்டு வைக்கன்னு தெரியலை. பேசாம நின்னுரு. வீட்டுல இருந்து தீப்பெட்டி ஒட்டு."

"இப்பமும் படிப்பு ஏறலைன்னு சொல்லுவியாம்மா?"

"வேலை ஏறலைன்னு சொல்லுதேன்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பக்கம் பார்க்காமலே, "அந்தக் கொண்டிய மாட்டிட்டாவன்னா போயிக்கோ" என்றாள்.

அதனால் எனக்கு இப்போது அந்தத் தாழ்ப்பாள்தான் வேலை. அது வந்தால் நான் இருப்பேன். வராவிட்டால் இரண்டாம் தடவையும் அதே காரணத்துக்கு நிற்பேன்; அதே காரணத்தை வெளியே சொல்லாமல்.

சோலைச்சாமி அண்ணாச்சி ஒருநாள் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் வாசிக்க வரும்.

"ஒரு கொண்டிக்கு இம்புட்டுப் பேச்சாவே? ஆசாரியக் கூப்பிட்டு அடிச்சு விட்டா முடிஞ்சுபோச்சு."

"அடிச்சா தாழ்ப்பாள் வந்துரும் அண்ணாச்சி. டிக்கெட் எப்படி மூடும்? தாழ்ப்பாள் போட்டாச்சுன்னு ஒருங்கிணைப்புக்கு யார் சொல்லுவா?" என்றார் செல்வகணேஷ் சார்.

"கதவத் தொறந்து பார்த்தாத் தெரியாதா?"

"பார்த்தா நமக்குத் தெரியும். ஒருங்கிணைப்புக்குத் தெரியாது. நாளைக்கே தாழ்ப்பாள் விழுந்துட்டா? விழுந்ததும் தெரியாது. போடுறாங்களா, போடலையான்னும் தெரியாது. பயன்பாடு தெரியாத ஒரு வசதி, வசதியே இல்லை அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அவிய படிச்சவிய" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். ஆசாரி வரவில்லை.

ஆசாரிக்குப் பதிலாக எலக்ட்ரீசியன் சுடலைமணி வந்தார். கதவில் தாழ்ப்பாள் போட்டார். போட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல கனமான இரும்புத் தாழ்ப்பாள். அதற்கப்புறமும் அவர் போகவில்லை. தாழ்ப்பாள் போய் விழுகிற துளைக்குள் ஒரு பொத்தானை வைத்தார். பொத்தானிலிருந்து ஒரு வயர் கிளம்பி, சுவர் ஏறி, ஓட்டடையெல்லாம் கடந்து, சாரின் கணினிக்குப் போனது. வெளியே, வருகைப் பதிவுக்கு அட்டை காட்டுவோமே, அந்தப் பெட்டி மாதிரி ஒன்றைப் பொருத்தினார்.

"எல்லாரும் கொண்டிக்கு ஆணி கேப்பாவ. ஒங்க சாரு வயரு கேக்காரு" என்றார் சுடலைமணி. "உள்ள கரண்டு இல்லம்மா, பயப்படாதிய." பாவம், அவர் அதற்குத்தான் நான் பயப்படுகிறேன் என்று நினைத்தார்.

என் டிக்கெட் என்பதால் முதலில் நான்தான் போக வேண்டும் என்றார்கள். அட்டையைக் காட்டினேன். கதவு திறந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாளை இழுத்தேன். அது துளைக்குள் போய் விழுந்த சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

வெளியே மணி அடித்தது.

பலகையில், 'முத்துச்செல்வி – இன் ப்ராக்ரஸ்' என்று வந்திருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடியிருக்கிறது. நான் வெளியே வந்தபோது அது, 'க்ளோஸ்டு' என்று மாறி, பச்சையாக இருந்தது. எல்லோரும் அவரவர் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் விரலும் ஓடவில்லை.

வள்ளித்தாயக்கா போனபோது கடிகாரம் சிவப்பாகிவிட்டது. அக்காவுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லை. சராசரி நேரத்தைத் தாண்டியதால் சென்னையிலிருந்து அரட்டையில் ஒருத்தர், "ஏதாவது தடை இருக்கிறதா? கூடுதல் ஆள் தேவையா?" என்று கேட்டிருந்தார். அக்கா அதை வாசித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் யாரும் போகவில்லை. பேசிவைத்துக்கொள்ளவில்லை. தன்னால் அப்படி ஆனது. காலையில் கஞ்சி குடிப்பதை விட்டோம். டீ வந்தால் வேண்டாம் என்றோம். கத்திரி வெயிலில் கிட்டங்கித் தகரம் காய்ந்து அனலைக் கொட்டும். உதடு வெடித்து ரத்தம் வரும். நாக்கால் தடவிக்கொண்டு தட்டுவோம். சந்தனமாரிக்கு நீர்க்கடுப்பு வந்தது. கதவில் சாய்ந்து நிற்கிற வேலையும் போய்விட்டதால் அவள் பெயரை நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அம்மாவிடம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். மற்றது சொல்லக் கூசியது.

சாரின் கணினியில், தாழ்ப்பாள் எத்தனை தடவை விழுந்தது என்று காட்டுகிற வரைபடம் இறங்கிக்கொண்டே வந்து தரையைத் தொட்டது. அவர் அதை அச்செடுத்து வாசலில் ஒட்டினார். சென்னைக்கும் அனுப்பினார். ஒருங்கிணைப்புச் சாதனையைப் பாராட்ட, சென்னைக் கம்பெனியிலிருந்து இந்துஜா மேடம் நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

விழாவைக் கிட்டங்கிக்குள்ளேயே வைத்தார்கள். மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. மேடைக்குப் பின்னால் சுவரில் பலகை வழக்கம்போல ஒளிர்ந்துகொண்டிருந்தது. செல்வகணேஷ் சார் அன்றைக்காக வாங்கிய வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"சாதாரணமா ஒரு நிறுவனம் என்ன செய்யும்? பிரச்சினை வந்தா தீர்க்கும். நாங்க ஒரு படி மேல போயிருக்கோம். இந்த வரைபடத்தைப் பாருங்க. தாழ்ப்பாளை ஒருங்கிணைச்ச வாரம் இங்க இருக்கு. அடுத்த வாரம் இங்க. இப்ப பூஜ்யம். தாழ்ப்பாள் போட்ட பிறகு எங்க பெண் ஊழியர்கள் ஒருத்தருக்கும் தேவையே ஏற்படலை. நாங்க பிரச்சினையை மட்டும் தீர்க்கலை, தேவையையே தீர்த்துட்டோம்!"

கை தட்டினார்கள். மேடமும் தட்டினார், கொஞ்சம் தயங்கி.

"இதுக்கெல்லாம் காரணம் ஒரு டிக்கெட். அதைப் போட்டவங்க இப்ப பேசுவாங்க."

சந்தனமாரி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். மேடையேறினேன். மைக் முன்னால் வாயைத் திறந்தேன். மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு மேடைக் கூச்சம் என்று மேடம் நினைத்துவிட்டார். "பயப்படாதம்மா, முதல்ல தண்ணி குடி" என்று தன் முன்னால் இருந்த பாட்டிலைத் திறந்து கொடுத்தார். ஜில்லென்று, வெளியெல்லாம் வியர்த்திருந்தது. குடிக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஒரு வாய்தான் குடிக்க நினைத்தேன். பாட்டில் காலியானதும்தான் நிறுத்தினேன். மேடம் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இன்னொரு பாட்டிலை நகர்த்தினார். அதையும் குடித்தேன்.

மைக் பக்கம் திரும்பினேன். "நன்றி" என்றேன். மேடையிலேயே ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

அண்ணாச்சி தலைமையுரை ஆற்றினார். பருத்தி விலையில் ஆரம்பித்தார். அவர் பஞ்சாலைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. காலை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். எதிரே வள்ளித்தாயக்கா என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பொறுத்துக்கொண்டால் விழா முடியும். பஸ் ஏறலாம். வீட்டுக்குப் போகலாம். நாளைக்கும் அப்படியே. அதற்கு மறுநாள் தீப்பெட்டி ஒட்டலாம். இது எனக்கு வேண்டிய தாழ்ப்பாள். நான் கேட்டது. அது அங்கே இருக்கிறது.

எழுந்தேன். அண்ணாச்சி பேச்சை நிறுத்தினார். மேடையை விட்டு இறங்கி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். காது இரண்டும் எரிந்தன. பின்கட்டுக்கு நான் போகிற பாதை எல்லோருக்கும் தெரிகிறது என்பது எனக்கும் தெரிந்தது. அட்டையைக் காட்டினேன். உள்ளே போனேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

மணி அடித்தது.

கூட்டம் அப்படியே அடங்கியது. அண்ணாச்சி மட்டும் மைக்கில், பழக்க தோஷத்தில், எழுத்துக்கூட்டி வாசித்தார்: "முத்துச்செல்வி... இன்... ப்ராக்..." பாதியில் புரிந்து நிறுத்திக்கொண்டார்.

"அதை அணைங்க!" இது செல்வகணேஷ் சார்.

"அணைக்க முடியாது சார்." பாண்டிராஜ் குரல். "அதை அணைச்சா எல்லாம் அணைஞ்சிரும். எல்லாத்தோடயும் இணைச்சிருக்கு."

"ஏலே, துணிய எடுத்து மூடுலே!" சாருக்குக் கடம்பூர் திரும்பிவிட்டது.

துணி கிடைக்கவில்லை போல. அப்புறம் நடந்ததைச் சந்தனமாரிதான் எனக்குச் சொன்னாள். சார் ஓடிப்போய், இரண்டு கையையும் விரித்து, பலகையை மறைத்துக்கொண்டு நின்றாராம். ஒளி சுவரில் விழாமல் அவர் மேல் விழுந்தது. என் பெயர் முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில், தோளுக்குத் தோள், கோணாமல் வந்துவிட்டது. அதற்குக் கீழே, வயிற்றுக்கு நேராக, இன் ப்ராக்ரஸ். கடிகாரம் இடுப்பில் ஓடியது. விலகினால் சுவரில் தெரியும், நின்றால் அவர் மேல் தெரியும். மேடத்துக்கு முன்னால், அத்தனை பேருக்கு முன்னால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவர் முதல் தடவையாகத் தரையைப் பார்த்தார்.

"இந்தத் தாழ்ப்பாளுக்கு எதுக்கு வயர் போட்டீங்க?" என்று மேடம் கேட்டது எனக்கே கேட்டது.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான் அவசரப்படவில்லை.